"எனக்கு வராது" – இதை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?

விசில் கண்டக்டர் | திங்கள், காலை 5.50

எல்லோருக்கும் வணக்கம். டவுன் பஸ்ஸில் 31 வருடம் கண்டக்டராக இருந்தேன். 2023-இல் ரிட்டயர். வீடு மதுரை அண்ணா நகர். இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். மூத்த பேரனுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் அவள் இங்கே வர முடியவில்லை. வீட்டுக்காரம்மா அங்கே போய் ஐந்து வாரம் ஆகிறது. அங்கே வீடு சின்னது. அதனால் நான் இங்கே தண்ணீர் மோட்டாருக்கும் பூனைக்கும் காவல். கிளம்பும்போது பத்து நாளைக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் செய்து வைத்துவிட்டு, "பிறகு மெஸ்ஸில் பார்த்துக்கங்க, உங்களுக்குத்தான் அடுப்படியே வராதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். கிண்டல் இல்லை. நானே 32 வருடமாகச் சொல்லி வைத்ததைத் திருப்பிச் சொன்னாள், அவ்வளவுதான்.

பதினைந்தாவது நாள் மெஸ் சாப்பாடு வயிற்றைக் கெடுத்துவிட்டது. எந்த மெஸ் என்பது வேண்டாம். இரவெல்லாம் தூங்காமல் கிடந்தபோது இந்த "வராது" என்ற வார்த்தை மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்டாப்பில் நிற்பவர்களிடம் லட்சம் தடவை சொல்லியிருப்பேன், "இந்த வண்டி அங்க வராதுங்க" என்று. வண்டி வராது என்றால் அது வண்டியின் சமாச்சாரம். சமையல் வராது என்றால்? சமையல் என்ன, பெரியார் பஸ் நிலையத்தில் கிளம்பி, சிம்மக்கல், கோரிப்பாளையம் வழியாக அண்ணா நகருக்கு என்னைத் தேடி வர வேண்டுமா? நான்தானே போக வேண்டும்? நீச்சல் வராது, கணக்கு வராது, இங்கிலீஷ் வராது. எல்லாவற்றையும் நாம் ஸ்டாப்பில் நின்றுகொண்டேதான் சொல்கிறோம்.

மறுநாள் ரசம் வைத்தேன். சாம்பாரைப் போல இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும் என்பது 32 வருடம் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் ரசம் ரசமாகவே வந்தது.

இதில் இன்னொன்று. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை எங்கள் அண்ணா நகரில்தான், 1999 நவம்பர் 14-இல் திறந்தார்கள். அதன் வாசலைத் தாண்டித்தான் அத்தனை வருடமும் டூட்டிக்குப் போனேன். உள்ளே போனது போன மாதம்தான்! இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு அங்கே நிற்கிறேன். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கக் கூடாது என்று ஒரு அம்மா திட்டுகிறார், இன்னொரு அம்மா ஒடித்துக் காட்டுகிறார். வீட்டுக்கு வந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ரேடியோ கேட்கிறேன்.

அப்போது ஒரு சந்தோஷம் வருகிறது. போனஸ் வாங்கிய நாளில் வந்தது மாதிரி இல்லை. கடைசி டிரிப் முடிந்து டிப்போவில் பணம் கட்டும்போது ஒரு ரூபாய்கூடக் குறையாமல் இருந்தால் வருமே, அது மாதிரி. கண்டக்டர் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது "வராது" இருந்து, அது பொய் என்று தெரிந்தது உண்டா? எழுதுங்கள்.

சிம்மக்கல் சின்னவன் | திங்கள், காலை 8.15

அண்ணே, எனக்குக் காலையில் எழுந்திரிக்க வராது. 29 வயது. அது வரவும் வேண்டாம், அந்தப் பஸ் பிரேக் டவுனாகவே இருக்கட்டும். ரசம் மிச்சம் இருந்தால் சொல்லுங்கள்.

நிர்வாகி | திங்கள், காலை 9.05

நல்ல தலைப்பு, தொடரட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். சின்ன வயதில் சங்கிலியில் கட்டிய யானை, கோழிகளோடு வளர்ந்த கழுகு, கொதிக்கிற தண்ணீரில் தவளை, இந்த மூன்று கதைகளையும் யாரும் பதிவிட வேண்டாம். மாதம் இரண்டு முறையாவது அழிக்க வேண்டியிருக்கிறது. சொந்த அனுபவம் மட்டும்.

பாபின் | திங்கள், மதியம் 2.40

கடையில் கூட்டம் இல்லாத நேரம், எழுதுகிறேன்.

நான் தையல்காரன். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே அப்பா மிஷின் போட்ட இடத்தில்தான் நானும் மிஷின் போட்டேன். மே மாதத்து மதியத்தில்கூட அந்தக் கல்லில் முதுகைச் சாய்த்தால் சில்லென்று இருக்கும். கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது எனக்கு இருந்த எண்ணம் ஒன்றே ஒன்றுதான். தூணை விட்டால் தொழில் போச்சு. கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் கண்ணில் படுவதுதான் வியாபாரம், அது இல்லாத இடத்தில் எவன் வருவான்? அப்பா இருந்திருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

மாறின புதிதில் மூன்று மாதம் நிஜமாகவே ஈ ஓட்டினோம். நான் நினைத்தது சரிதான் என்று ஒரு கசப்பான திருப்தி. (இந்தத் திருப்தியைப் பற்றி யாராவது எழுதினால் நல்லது. நஷ்டமே ஆனாலும் "நான் சொன்னேன்ல" என்பதில் ஒரு சுகம் இருக்கிறது.) பிறகு சித்திரைத் திருவிழா நெருங்கியது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் வேட உடுப்பு, தலைப்பாகை, தோல் பைக்கு மேலே போடும் துணி எல்லாம் வேண்டியவர்கள் எங்களைத் தேடிக்கொண்டே வந்துவிட்டார்கள். ஒருத்தர் சொன்னார், "உங்க அப்பா எனக்குத் தச்சாரு, என் மகனுக்கு நீ தைக்கணும், நீ எந்தச் சந்துல இருந்தா எனக்கென்ன?"

ஆக, நான் நம்பியதில் பாதி உண்மை, பாதி பொய். போகிற போக்கில் சட்டை தைக்கக் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர் கூட்டம் முன்பு போல இல்லை. அது போனது போனதுதான். வேட உடுப்பும் நாட்டிய உடுப்பும் பள்ளி ஆண்டுவிழா உடுப்பும் போகவில்லை. இப்போது அளவை வாட்ஸ்அப்பில் வாங்குகிறேன், அதுவும் "வராது" என்று சொன்ன சாமான்தான்.

கல்லின் குளிர்ச்சிக்கு மட்டும் இன்னும் மனசு ஏங்குகிறது. ஃபேன் அது மாதிரி இல்லை.

தெற்குவாசல் தமிழ் | திங்கள், இரவு 10.20

விசில் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதியது அழகாக இருக்கிறது, நானும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். பாத்திரம் கழுவும்போது ஒரு கேள்வி வந்தது.

பாபின் அண்ணனின் நம்பிக்கை அவரைப் பயப்படுத்தியது. உங்கள் நம்பிக்கை உங்களை என்ன செய்தது? 32 வருடம் சூடாகச் சாப்பாடு போட்டது. உங்களுக்கு "வராது" என்பதால் யாருக்கு வேலை வந்தது? காய்ச்சல் வந்த நாளிலும் மதினிதானே அடுப்பில் நின்றிருப்பார்? இதற்குப் பெயர் தடை இல்லை அண்ணே, சலுகை.

எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரருக்கு சமையல் வராது, துணி மடிக்க வராது, பிள்ளையின் வீட்டுப்பாடம் வராது. கிரிக்கெட் ஸ்கோர் 1983-இலிருந்து வரும். எனக்கு வராதது ஒன்றே ஒன்றுதான், ஸ்கூட்டி. அதையும் நானாகச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கீழே விழுந்தேன். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து சொன்னது, அப்படியே பதினெட்டு வருடம் நின்றுவிட்டது. நான் வண்டி ஓட்டாமல் இருப்பதில் யாருக்கு என்ன வசதி என்று யோசித்துப் பாருங்கள். எங்கே போனாலும் யாரிடமாவது கேட்டுத்தான் போக வேண்டும்.

அதனால் இந்த இழையில் எழுதுகிறவர்கள் "வராது" என்று சொல்லும்போது, அதனால் யாருக்கு லாபம் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

விசில் கண்டக்டர் | செவ்வாய், காலை 5.35

தங்கச்சி, கோபம் இல்லை. இரவு படித்தேன், உடனே பதில் எழுத முடியவில்லை.

காய்ச்சலோடு நின்றிருக்கிறாள். 2009-இல் சிக்குன்குனியாவில் இரண்டு கை மூட்டும் வீங்கிப்போய், அப்போதும் மாவு ஆட்டினாள். "ஓட்டல்ல வாங்கிட்டு வரவா" என்று கேட்டதை நான் பெரிய உதவியாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று போனில் இதைச் சொன்னேன். "இப்ப எதுக்கு அது" என்று சொல்லிவிட்டுப் பேரனின் பல் முளைத்ததைப் பற்றிப் பேசிவிட்டாள்.

மூன்றாம் மாடி | செவ்வாய், மாலை 6.10

நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும் எம்.எஸ்ஸி. உளவியல் மாணவி நான். பாடத்தில் படித்ததும் நீங்கள் எழுதியிருப்பதும் ஒட்டிவருவதால் கொஞ்சம் சொல்கிறேன்.

ஆரன் பெக் என்று ஒரு மருத்துவர், ஃபிலடெல்ஃபியாவில் இருந்தார். மனச்சோர்வு உள்ளவர்களோடு பேசும்போது, அவர்கள் வாய்விட்டுச் சொல்வதற்கு அடியில் இன்னொரு பேச்சு சரசரவென்று ஓடுவதை 1960-களில் கவனித்தார். "நான் போரடிக்கிறேன்", "என்னால் ஆகாது" என்பது போன்ற குட்டி வாக்கியங்கள். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, ஆனால் முகம் மட்டும் சுருங்கிவிடும். அந்த வாக்கியங்களைப் பிடித்து நிறுத்தி, உண்மையா என்று விசாரிப்பதிலிருந்துதான் அவருடைய சிகிச்சை முறை வளர்ந்தது.

இதை "பாசிட்டிவாக நினை" என்பதோடு சேர்த்துவிடாதீர்கள். கண்ணாடி முன் நின்று "எனக்கு வரும், வரும்" என்று நூறு தடவை சொல்வது இதில் இல்லை. செய்வதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறோமோ அதைத் தாளில் எழுத வேண்டும். செய்ய வேண்டும். பிறகு நடந்ததை அதே தாளில் பக்கத்தில் எழுத வேண்டும். நம்பிக்கையோடு வாதாடினால் அது நம்மைவிட நன்றாக வாதாடும். சோதித்துப் பார்த்தால்தான் அது வாயடைக்கும்.

என் தாள் ஒன்று. வகுப்பில் எழுந்து பேச எனக்கு வராது. எழுதியது: குரல் நடுங்கும், நூறு சதவீதம். சிரிப்பார்கள், எண்பது சதவீதம். நடந்தது: குரல் நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை, பாதிப் பேர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் வந்து நோட்ஸை ஜெராக்ஸ் எடுக்கக் கேட்டாள். குரல் நடுங்குவது உண்மைதான். ஆனால் அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

தமிழ் அக்கா சொன்ன "யாருக்கு லாபம்" என்ற கேள்வி எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

நாகமலை | செவ்வாய், இரவு 11.50

நைட் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன், சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன்.

இந்த மாதிரிப் பேச்சு எனக்கு ஒத்துவருவதில்லை. தடை எல்லாம் மனதில்தான், மாற்றிப் பார், சந்தோஷம் தானாக வரும் என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் பன்னிரண்டு மணி நேரம் ஸ்பின்னிங் மில்லில் நின்றவர்கள் இல்லை.

1939 ஜூலை 8-ஆம் தேதி மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார் சமூகத்தாரையும் அழைத்துக்கொண்டு போனார். அதற்கு முந்தின நாள்வரை வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனவர்களிடம் "உன் தடை உன் மனசுலதான் இருக்கு" என்று யாராவது சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? தடை வாசலில் இருந்தது. வாசலில் நின்று தடுத்தவன் மனதில் இருந்தது. உள்ளே போக முடியாதவனுக்கு "வராது" என்ற நோய் ஒன்றும் இல்லை. கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டியிருந்தது, போராட்டம் வேண்டியிருந்தது, பிறகு சட்டமும் வேண்டியிருந்தது.

எனவே ஒவ்வொரு "வராது"வையும் மண்டைக்குள் தேடாதீர்கள். சிலது வாடகை ரசீதில் இருக்கும்.

விசில் கண்டக்டர் | புதன், காலை 6.30

நாகமலைத் தம்பி சொன்னதும் ஒரு முகம் ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்சம் நீளம்.

என் ரூட்டில் ஒரு அப்பத்தா. பழங்காநத்தம் பக்கத்திலிருந்து கீரைக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு டவுனுக்கு நடந்தே வரும். வண்டியில் ஏறு ஆத்தா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். "எனக்கு பஸ்ஸுல ஒக்கார வராதுப்பா, மயக்கமா வரும். நடந்தே பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நானும் நம்பினேன். பழைய காலத்து ஆள், பஸ் ஒத்துக்கொள்ளாது போல என்று டிரைவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று ஆனது. அப்போது ஊரடங்கு. அது முடிந்து வண்டி ஓட ஆரம்பித்த வாரமே அப்பத்தா ஸ்டாப்பில் நின்றது. ஏறியது. இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன், மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் வேடிக்கை. மயக்கம் ஒன்றும் இல்லை.

அன்றைக்குத்தான் உறைத்தது. பஸ் ஒத்துக்கொள்ளாமல் இல்லை, டிக்கெட் காசுதான் ஒத்துக்கொள்ளவில்லை. காசில்லை என்று சொல்ல மானம் விடவில்லை, அதனால் "வராது". யாரும் அதன் நம்பிக்கையைக் கேள்வி கேட்டுத் திருத்தவில்லை. டிக்கெட் மாறியது, அப்பத்தா மாறியது.

அதன் முகத்தில் அன்றைக்கு இருந்ததும் இப்போது நான் கீரை உருவும்போது எனக்கு வருவதும் ஒரே சந்தோஷமா என்று யோசித்தேன். இல்லை. எனக்கு வந்தது நானாகக் கதவைத் திறந்த சந்தோஷம், அதுவும் 32 வருடம் வேறொருத்தர் முதுகில் சாய்ந்து நின்றுவிட்டு. அப்பத்தாவுக்குக் கதவே இப்போதுதான் வைத்தார்கள்.

மேலூர் ஆட்டுக்காரன் | புதன், மதியம் 1.00

எதிர்ப்பக்கக் கதையும் ஒன்று இருக்கட்டும்.

எனக்கு "விவசாயம், கால்நடை எல்லாம் உனக்கு வராது" என்று வீட்டில் சொன்னார்கள். நான் அந்த நம்பிக்கையை உடைக்கிறேன் என்று வேலையை விட்டேன். மேலூர் பக்கம் கொட்டகை போட்டு ஒரே தடவையில் ஐம்பது ஆடு வாங்கினேன். எந்தச் சந்தையில் எப்படி வாங்குவது என்று தெரியாது. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டும் என்பது தெரிந்தபோது பாதி ஆடு செத்துவிட்டது. மூன்றரை லட்சம் போனது. நான் எவ்வளவு தன்னம்பிக்கையோடு இருந்தேன் என்பது ஆட்டுக்குத் தெரியவில்லை.

இப்போது பழைய வேலை மாதிரி ஒன்றில் இருக்கிறேன். வீட்டில் ஆறு ஆடு நிற்கிறது, மாலையில் நானே மேய்க்கிறேன், அந்த நேரம்தான் நாளிலேயே நல்ல நேரம். ஐம்பதில் ஆரம்பிக்காமல் ஆறில் ஆரம்பித்திருந்தால் மூன்றரை லட்சம் மிச்சம். பேர் மட்டும் ஆட்டுக்காரன் என்று நின்றுவிட்டது.

மேலமாசி மாறன் | புதன், இரவு 8.45

ஆட்டுக்காரர் சொன்ன "ஆறில் ஆரம்பி" என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

காந்தி அரையாடைக்கு மாறியது மதுரையில் என்பது ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி வீடு. நாம் என்னவோ அவர் இரவில் ஞானம் வந்து காலையில் ஆயுள் முழுவதற்கும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்ட மாதிரி பேசுகிறோம். அப்படி இல்லை. அதற்கு முன்பே இரண்டு சந்தர்ப்பங்களில் இதை நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறார். மதுரையில் வெளியிட்ட அறிக்கையிலும், தொப்பியையும் சட்டையையும் அக்டோபர் 31 வரையாவது விட்டுவிடுகிறேன் என்றுதான் சொன்னார். நாற்பது நாள் கெடு! அது பிறகு கடைசிவரை நீண்டது வேறு கதை.

அவ்வளவு பெரிய மனிதரே தேதி போட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறார். நாம் மட்டும் ஜனவரி 1-ஆம் தேதி "இனிமேல் வாழ்நாள் முழுக்க" என்று ஆரம்பித்து பொங்கலுக்குள் முடித்துவிடுகிறோம்.

சிம்மக்கல் சின்னவன் | புதன், இரவு 9.30

நாற்பது நாளா? எதையும் 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்களே?

மூன்றாம் மாடி | புதன், இரவு 10.05

அந்த 21-க்குப் பின்னால் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் இருக்கிறார். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். "குறைந்தது" என்ற வார்த்தை வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது.

லண்டனில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். ஒரு சின்னப் பழக்கம் யோசிக்காமலே செய்யும் அளவுக்கு ஊற சராசரியாக 66 நாள் என்று கணக்கு வந்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்றது அந்தக் கணக்கு. அதில் எனக்குப் பிடித்த விஷயம், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

பெயர் வேண்டாம் | வியாழன், அதிகாலை 3.15

படித்துக்கொண்டே இருக்கிறேன். நானும் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். வேலை மாற்றினேன். தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன். எழுதியும் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை. காலையில் பாயை விட்டு எழவே இரண்டு மணி நேரம் ஆகிறது, பிடித்த சாப்பாடும் மண் மாதிரி இருக்கிறது. நான்கு மாதமாக இப்படி. நான் சரியாக முயற்சி செய்யவில்லையோ என்று தோன்றுகிறது.

மூன்றாம் மாடி | வியாழன், காலை 7.20

இல்லைங்க. நீங்கள் சரியாகவே முயற்சி செய்திருக்கிறீர்கள். நான்கு மாதம், தூக்கம் இல்லை, ருசி இல்லை, எழ முடியவில்லை என்றால் அதை நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம், காட்டினால் சரியாகக்கூடியது. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். பெரியாஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இன்றைக்கே கூப்பிட முடியுமா? உங்களுக்குத் தனிச்செய்தியும் அனுப்பியிருக்கிறேன்.

பாபின் | வியாழன், காலை 9.40

பெயர் வேண்டாம் என்பவரே, ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள். என் மச்சினனை அங்கே கூட்டிக்கொண்டு போய்வந்தவன் நான், எங்கே சீட்டுப் போடுவது என்று தெரியும். அவன் இப்போது கடையில் காஜா எடுக்கிறான். உங்கள் பெயரைக் கேட்க மாட்டேன்.

பெயர் வேண்டாம் | வெள்ளி, மாலை 4.00

கூப்பிட்டேன். அரை மணி நேரம் பேசினார்கள். திங்கட்கிழமை போகிறேன், அக்கா கூட வருகிறாள். நன்றி.

நாகமலை | வெள்ளி, இரவு 11.40

நல்லது. போய்விட்டு வாருங்கள்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். எல்லாமே வாடகை ரசீதில் இல்லை. மில் வாசலில் டீ குடிக்கும்போது யோசித்தேன். என் மகள் கபடி ஆடப்போகிறேன் என்றபோது "நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் வராது" என்று சொன்னவன் நான்தான். அதை மில் முதலாளி சொல்லச் சொல்லவில்லை.

தெற்குவாசல் தமிழ் | எட்டு நாள் கழித்து, சனி, காலை 7.00

எல்.எல்.ஆர். போட்டுவிட்டேன். முப்பது நாள் கழித்துத்தான் லைசென்ஸுக்குப் போக முடியும், அதற்குள் எட்டுப் போடப் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி மைதானத்தில் பழகுகிறேன். எழுதிய தாள்: விழுவேன், தொண்ணூறு சதவீதம். வீட்டில் "சொன்னேன்ல" என்பார்கள், நூறு சதவீதம். நடந்தது: இரண்டாவது மட்டும். அதுவும் விழாமலே சொன்னார்கள்! என்ன கணக்கோ.

பெரிய சாதனை ஒன்றும் இல்லை. மைதானத்தை நாலு சுற்று சுற்றினேன். அதிகாலைக் காற்று முகத்தில் படும்போது, யாரையும் கேட்காமல் இந்த நிமிடம் நான் இடது பக்கம் திரும்பலாம், வலது பக்கமும் திரும்பலாம் என்று தோன்றியது. திரும்பினேன்.

விசில் கண்டக்டர் | இரண்டு மாதம் கழித்து, வியாழன், மாலை 6.40

தங்கச்சி லைசென்ஸ் வாங்கியதைத் தனிச்செய்தியில் சொன்னார், சந்தோஷம். என் பக்கத்துச் செய்தி கொஞ்சம் சிக்கல்.

வீட்டுக்காரம்மா வந்துவிட்டாள். பேத்தி பிறந்திருக்கிறாள், எல்லோரும் நலம். நான் மூன்று மாத வித்தையை எல்லாம் காட்டலாம் என்று முதல் நாளே சமைத்து வைத்துக் காத்திருந்தேன். சாப்பிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அடுப்படிக்குள் போய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள். நான் என் வசதிக்குக் கடுகையும் சீரகத்தையும் இடம் மாற்றி வைத்திருந்தேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

நான் நினைத்தது, வேலை குறைந்தால் மகிழ்ந்துபோவாள் என்று. தாளில் எழுதியிருந்தால் நூறு சதவீதம் என்று எழுதியிருப்பேன். மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன். "எனக்குச் சும்மா உக்கார வராது" என்றாள். 32 வருடத்தில் அவள் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்ட முதல் "வராது" அதுதான். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு அறைதான், அதையும் நான் திருந்துகிறேன் பேர்வழி என்று போய்ப் பிடுங்கிக்கொண்டேனோ என்று ஆகிவிட்டது.

கடுகைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டேன். காலை அடுப்பு அவளுக்கு, மாலை அடுப்பு எனக்கு. மாறன் தம்பி சொன்ன மாதிரி தேதி போட்டுத்தான், கார்த்திகை முடியும்வரை. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைக்கு மதியம் அவளாகவே திருப்பரங்குன்றம் போய்விட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினாள். ஆறு மணிக்குள் வந்து உலை வைக்க வேண்டும் என்ற அவசரம் இல்லாமல் அவள் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. இப்போதுதான் போன் வந்தது. ஸ்டாப்பில் நிற்கிறாளாம், கூட்டமாக இருக்கிறதாம், இந்த நேரத்துக்கு வண்டி வருமா வராதா என்று கேட்டாள். என் பழைய ரூட். "வரும், நில்லு" என்றேன்.

ரசம் இறக்கி வைத்தாயிற்று. குக்கரில் இரண்டு விசில் ஆகிவிட்டது. வேலையில் இருந்தபோது டபுள் விசில் என்றால் வண்டி கிளம்ப வேண்டும், இதில் மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

சிம்மக்கல் சின்னவன் | வியாழன், மாலை 6.55

அண்ணே, மூன்று மாதமாகக் கேட்கிறேன், அந்த ரசம்?

தெற்குவாசல் தமிழ் | வியாழன், இரவு 7.10

பேத்திக்கு வாழ்த்துகள் அண்ணே. மதினிக்கும் சொல்லுங்கள். ஒரே ஒரு சந்தேகம். மாலைச் சமையல் பாத்திரத்தை யார் கழுவுகிறார்கள்?